கோமளம் மாமியின் முன்பல்

சுவரிலிருந்து கையை எடுக்காமலே நடக்கிறார் கோமளம் மாமி. கூடத்திலிருந்து சமையலறைக்கு, அங்கிருந்து குளியலறைக்கு. வீடு முழுக்க இடுப்புயரத்தில் அவர் கை தடவிய அழுக்குக் கோடு. போன ஆடியில் அவருடைய அக்கா குளியலறையில் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர், எழுந்திருக்கவேயில்லை. அன்றிலிருந்து ஈரத் தரையைக் கண்டாலே மாமிக்கு உடம்பு நடுங்கும்.

மயிலாப்பூரில் எங்கள் கீழ்வீட்டில் இருப்பவர். பாட்டு டீச்சர். ஆபீஸ் விட்டு வரும் பெண்கள் சிலர் மாலையில் கற்றுக்கொள்கிறார்கள். 'ஸ' துளி பிசிறினாலும் "இன்னொரு தரம்" என்று நிறுத்திவிடுவார். அவர்கள் பஸ் போய்விடும் என்று முனகினாலும் விடமாட்டார்.

எலும்பு பலவீனமாக இருக்கிறதென்று தெருக்கோடி டாக்டர் வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் வெறும் வயிற்றில் பச்சைத்தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் நிமிர்ந்திருக்க வேண்டும். முதல் மாத்திரைக்குத் துணையாக மாமி என்னைக் கூப்பிட்டார்.

"தொண்டைல நின்னுடுத்துன்னா? நீ பக்கத்துலயே உக்காந்துக்கோ."

காப்பி குடிக்காத மாமியை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். பாவமாக இருந்தது. பேச்சுக் கொடுத்தால் பயம் தெளியுமே என்று நினைத்தேன்.

"பல் டாக்டர்கிட்ட காட்டியாச்சா மாமி? பிடுங்க வேண்டியது இருந்தா முதல்லயே பிடுங்கிடணுமாம். மாத்திரை ஆரம்பிச்சப்புறம் பிடுங்கினா சில பேருக்குத் தாடை எலும்பு ஆறாதாம்."

மாமி தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"டாக்டரும் கேட்டார். எல்லாம் நன்னா இருக்குன்னு சொல்லிட்டேன்."

"அப்போ நல்லா இல்லையா?"

மேல் முன்பல்லை விரலால் தொட்டார். ஆடியது. ஈறு சிவந்து வீங்கியிருந்தது.

"இது போனா 'ஸ' வெறும் காத்தாப் போயிடும்டி. பல் கட்டிண்டாலும் பழையபடி வருமோ என்னமோ. அப்புறம் யார் எங்கிட்ட பாட்டு கத்துக்க வருவா?"

"அதுக்காக டாக்டர்கிட்ட பொய்யா?"

"விழுந்துடுவேனோன்னும் பயமா இருக்கு. இதை முழுங்கவும் பயமா இருக்கு. நான் என்னடி பண்ணட்டும்?"

மாத்திரையை வாங்கி எட்ட வைத்துவிட்டு, மாமியின் போனிலேயே டாக்டரைக் கூப்பிட்டேன்.

"என்னம்மா, மாத்திரை போட்டாச்சா?" ஸ்பீக்கரில் அவர் குரல் மட்டும் வந்தது.

"சொல்லுங்க மாமி" என்றேன். மாமி போனை என்னிடமிருந்து வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, வாயை அகலத் திறந்து காட்டினார்.