மெர்வின் டூலிக்கு ஒரு வாடகை வாய்

"எனக்காகப் பேச இன்னொருத்தன் வாயை வாடகைக்கு எடுக்கிற நாள்னு ஒண்ணு வந்தா, அன்னைக்கு ஆடுங்களே வேலி மேல ஏறி நின்னு தங்களைத் தாங்களே ஏலம் விட்டுக்கும். எழுதி வச்சுக்கங்க."

எங்கள் யரகுல்லா ஊரின் ரயில்வே ஹோட்டல் மதுக்கூடத்தில், நிரம்பிய கோப்பையைக் கையில் பிடித்தபடி மெர்வின் டூலி இதை அறிவித்தார். யாரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. தேவையும் இருக்கவில்லை. அந்தக் குரல் தெருவைத் தாண்டி, தண்டவாளத்தைத் தாண்டி, கோதுமைக் கிடங்குவரை போய்த் திரும்பும்.

மெர்வ் எங்கள் வட்டாரத்தின் கால்நடை ஏலக்காரர். பட்டிகளுக்கு மேலே போட்டிருக்கும் நீளப் பலகையில் அவர் நடந்துகொண்டே பேசினால், கீழே நிற்கிற கிழட்டுக் கிடாவுக்கும் நெஞ்சு நிமிரும். ஏலம் கேட்பவர்கள் வாய் திறப்பதில்லை. ஒருவர் தொப்பி விளிம்பைத் தொடுவார், ஒருவர் புருவத்தை உயர்த்துவார், விலை கேட்பது அப்படித்தான். தலையை இடமும் வலமுமாக அசைத்தால் விலகிவிட்டார் என்று அர்த்தம். மூக்கைச் சொறிந்த பாவத்துக்கு ஒரு பட்டி செம்மறியோடு வீட்டுக்குப் போனவர்களும் எங்களில் உண்டு. பேசுவது மெர்வ் மட்டுமே. இந்த ஏற்பாட்டை இயற்கையே செய்து கொடுத்ததாக அவர் நம்பியிருந்தார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வக்கீல் தேவையா என்ற மாபெரும் கேள்வி எழக் காரணம், கனோலா என்ற எண்ணெய்க் கடுகு பூத்திருந்த ஒரு காலை.

அந்த மாதத்தில் எங்கள் சாலைகளின் இருபுறமும் மஞ்சள் மட்டும்தான். சாலையோ வளைவதே பாவம் என்று நினைப்பது. கண்ணாடி வழியே வெயில் வந்து மடியில் படுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் கார் நின்றுவிடும், பூமிதான் மெல்லப் பின்னால் நழுவும். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை, நடுவில் ஏதோ ஒன்று. அந்த ஏதோ ஒன்றில் இருந்தபடி மெர்வ் மேகங்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்.

நல்ல மேகங்கள். கொழுத்தவை, சுத்தமானவை, கம்பளி நிறைந்தவை. நிழல்கள் மந்தை மந்தையாக மஞ்சள் வயல்களில் மேய்ந்தன. தூரத்துக் கிடங்கு புருவத்தை உயர்த்தியது. ஒரு யூக்கலிப்டஸ் மரம் தொப்பியைத் தொட்டது. காற்றாலை விட்டுக்கொடுக்கவில்லை. விலை ஏறியது. விலை ஏறினால் மெர்வின் வலது கால் பலகையை அழுத்தும். முப்பது வருடப் பழக்கம். இப்போது காலுக்குக் கீழே இருந்தது பலகை அல்ல.

மரத்தடியில் காத்திருந்த கான்ஸ்டபிள் கெய்ட்லின் விளக்கைப் போட்டு நிறுத்தினாள்.

"மிஸ்டர் டூலி, எவ்வளவு வேகத்துல வந்தீங்கன்னு தெரியுமா? நூத்தி நாப்பத்தெட்டு. இங்க நூறுதான்."

இந்த இடத்தில் சாதாரணக் குடிமகன் தலையைக் குனிந்துகொள்வான். மெர்வுக்கு ஓர் எண் காதில் விழுந்துவிட்டது.

"நாப்பத்தெட்டா? என்ன கெய்ட்லின், கிடங்கு பக்கத்துல அம்பத்தஞ்சு வரைக்கும் போச்சே! நீ தப்பான எடத்துல நின்னுட்ட."

அவள் எழுதிக்கொண்டாள். பிறகு மெர்வ் மேகங்களைப் பற்றி விளக்கினார். அதையும் எழுதிக்கொண்டாள்.

"கடைசி மேகம் யாருக்குப் போச்சு?" என்று கேட்டாள், பேனாவை நிறுத்தாமலே.

"எங்க போறது? நீதான் நடுவுல வந்து கெடுத்துட்டியே."

அதுவும் நோட்டில் ஏறியது.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கமாக ஆறு மாதம் லைசென்ஸ் பறிபோகும் என்றார்கள். நகரத்தில் இருப்பவர்களுக்கு இது ஓர் அசௌகரியம். பட்டிக்குப் பட்டி, பண்ணைக்குப் பண்ணை ஓடி, ஆட்டைக் கண்ணால் பார்த்து முதுகைத் தடவிப் பார்த்த பிறகே விற்கிற மனிதருக்கு இது ஓய்வு ஊதியம் இல்லாத ஓய்வு. பஸ் என்பது எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகிற ஒன்று மட்டும். வசந்தகாலச் சந்தையைத் தவறவிட்டால் பண்ணைக்காரர்கள் பக்கத்து ஊர் ஏலக்காரனிடம் போய்விடுவார்கள். போனவர்கள் திரும்புவதில்லை.

"டெஸ்பினாகிட்ட போ, மெர்வ்," என்றாள் அவர் மனைவி நொரீன்.

டெஸ்பினா பெட்ராக்கிஸ் மாவட்டத் தலைநகரில் வக்கீல். மெர்வ் போனார். ஒரு மதியம் முழுக்கப் பேசினார். டெஸ்பினா ஆரஞ்சுப் பழத்தைத் தோல் அறுபடாமல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மேகக் கதைய வேற யாருகிட்ட சொன்னீங்க?"

"யாருகிட்டயும் இல்லம்மா. போலீஸ்கிட்ட. அப்புறம் பப்புல. அப்புறம் சர்ச்சுல ஒரு ரெண்டு மூணு பேர்."

"சரி. இனிமே சொல்லாதீங்க."

அவ்வளவுதான் ஆலோசனை. மெர்வ் காயம்பட்டு வீடு திரும்பினார்.

"ஏலத்துக்கு ஒரு ஊமையைக் கூட்டிட்டுப் போகச் சொல்றியா, நொரீன்? அவ வாய்லேர்ந்து வந்த வார்த்தையைவிட ஆரஞ்சுலேர்ந்து வந்த கொட்டை ஜாஸ்தி!"

"நான் இந்த வீட்ல வாயத் தொறக்காமத்தான் எல்லாத்தையும் சாதிச்சிருக்கேன். நீ கவனிக்கல, நீ பேசிட்டிருந்த."

மதுக்கூடத்திலும் விவாதம் நடந்தது. கம்பளி வெட்டும் வாலி கருத்துச் சொன்னான்: "யோவ் மெர்வ், நீ பேசி முடிக்கிறதுக்குள்ள அந்த மேஜிஸ்ட்ரேட் அம்மா உன்கிட்ட நாலு ஆட்டை வாங்கிட்டு வீட்டுக்குப் போயிருவாங்க." கிண்டலாகச் சொன்னதுதான். மெர்வ் அதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொண்டார்.

தானே பேசுவது என்று முடிவாயிற்று. கொல்லைப்புறத்தில் ஒத்திகை நடந்தது. கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த நொரீன் மேஜிஸ்ட்ரேட். ஈரப் படுக்கை விரிப்புகள் காற்றில் மெல்ல உப்பி அடங்க, அவற்றின் நடுவே மெர்வ் முன்னும் பின்னும் நடந்து, வெயிலில் தொடங்கி, சாலையின் நேர்மையைப் புகழ்ந்து, தன் தகப்பனாரின் முதல் லாரிவரை வந்தார். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டு நாய் தூங்கிவிட்டது.

"எட்டு மாசம்," என்றாள் நொரீன், வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்துவிட்டு.

"ஆறுதானே சொன்னாங்க?"

"ஆறு உன் வேகத்துக்கு. ரெண்டு இந்தப் பேச்சை நான் கேட்டதுக்கு."

எங்கள் ஊரில் நீதிமன்றம் மாதத்துக்கு ஒருமுறை, பழைய ஊர் மண்டபத்தில் கூடும். உயரமான கூரையிலிருந்து ஒரு காற்றாடி, சுற்றுவதா வேண்டாமா என்று யோசித்து யோசித்துச் சுற்றும். சன்னல் வெளிச்சத்தில் தூசு நீந்திக்கொண்டிருந்தது. மேஜிஸ்ட்ரேட் அம்மாள் களைத்த முகத்தோடு இருந்தார். டெஸ்பினாவும் வந்திருந்தாள், வேறு யாருக்காகவோ. அந்த வேலையைச் சில வாக்கியங்களில் முடித்துவிட்டுச் சுவரோரம் சாய்ந்து நின்றாள். மண்டபம் நிறைந்திருந்தது. மெர்வ் பேசப்போகிறார் என்று ஊர் முழுக்க வந்திருந்தது. சிலர் சாண்ட்விச் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

மெர்வுக்கு முன்னால் அழைக்கப்பட்டவன் பாக்ஸ்டர், கோதுமை லாரி ஓட்டுகிறவன். அதே சாலை, ஏறக்குறைய அதே வேகம், வக்கீல் இல்லை.

"தப்புதாங்க. மன்னிச்சுக்கங்க," என்று தொடங்கினான்.

மேஜிஸ்ட்ரேட்டின் முகம் கொஞ்சம் இளகியது. அவன் அத்தோடு உட்கார்ந்திருக்கலாம்.

"ஆனா அந்த ரோட்டுல எல்லாருமே அப்படித்தாங்க போறாங்க."

பேனா அசைந்தது.

"நான் ஒண்ணும் புதுசா ஓட்டல. எப்பவுமே அந்த ஸ்பீடுதான். ஒண்ணும் ஆனதில்ல."

பேனா மறுபடி அசைந்தது. மெர்வின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. விலை ஏறிக்கொண்டிருந்தது.

ஏலத்தில் எப்போதாவது இப்படி நடக்கும். போட்டிக்கு ஆளே இல்லை, மற்றவர்கள் எல்லோரும் விலகிவிட்டார்கள். ஆனால் கேட்கிறவனுக்கு வெறி ஏறி, தான் கேட்ட விலைக்கு மேலே தானே கேட்பான், மறுபடியும் கேட்பான். கண்ணியமான ஏலக்காரர் அங்கே நிறுத்திவிடுவார். 'ஐயா, மாடு ஏற்கெனவே உங்களுதுதான், கையை இறக்குங்க' என்பார். எத்தனையோ பேரை மெர்வ் அப்படிக் காப்பாற்றியிருக்கிறார். தன் தொழிலில் அவர் சத்தமில்லாமல் பெருமைப்பட்ட ஒரே விஷயம் அதுதான்.

இங்கே நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை. பாக்ஸ்டர் தன்னையே மிஞ்சி மிஞ்சிக் கேட்டுக்கொண்டே போனான். ஒன்பது மாத லைசென்ஸ் ரத்துக்கு ஏலம் முடிந்தது. தான் நன்றாகப் பேசிவிட்டதாகவே நம்பி, திருப்தியோடு வெளியே போனான்.

"மெர்வின் ஆலன் டூலி," என்று அழைத்தார்கள்.

காற்றாடி யோசித்தது. தூசு அந்தரத்தில் நின்றது. வெயிலும் சாலையின் நேர்மையும் தகப்பனாரின் லாரியும் மெர்வின் நெஞ்சுக்குள் வரிசையில் நின்று, வெளியே வரத் துடித்தன. அவர் சுவரோரம் பார்த்தார். டெஸ்பினா தற்செயலாகப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் புருவங்களைப் படித்த மனிதர், முதல்முறையாகத் தன் புருவத்தை உயர்த்தினார். ஒரு நூல் அளவு.

அவள் முன்னால் வந்து, இவர் தன் கட்சிக்காரர் என்றும், அவகாசம் வேண்டும் என்றும் சொன்னாள்.

அடுத்த மாதம் வழக்கு மறுபடி வந்தது. உங்களைத் தவிக்க விட வேண்டாம் என்பதால் தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன்: மூன்று மாதம், அதுவும் சந்தை ஓய்ந்திருக்கும் கோடையில். பாதுகாப்பாக ஓட்டுவதற்கான வகுப்புக்கு அவரை அனுப்பிச் சான்றிதழ் வாங்க வைத்திருந்தாள் டெஸ்பினா. அதை நீட்டி, மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார் என்று சொல்லி, தொழில் போய்விடும் என்பதையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மேகங்களைப் பற்றிக் கான்ஸ்டபிள் எழுதியிருந்ததை மேஜிஸ்ட்ரேட் இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் மண்டபத்தில் யாருக்கும் தீர்ப்பைப் பற்றிய கவலை இல்லை. சாண்ட்விச்சோடு வந்தவர்கள் காத்திருந்தது அதற்கு முன்னால் வந்த ஒரு கேள்விக்காக.

"மிஸ்டர் டூலி, நீங்க ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?" என்று மேஜிஸ்ட்ரேட் கேட்டார்.

மெர்வ் எழுந்தார். வாலி சாண்ட்விச்சைக் கீழே வைத்தான். நொரீன் கண்ணை மூடிக்கொண்டாள். டெஸ்பினா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மெர்வ் டெஸ்பினாவின் முதுகைப் பார்த்தார். பிறகு மேஜிஸ்ட்ரேட்டைப் பார்த்துத் தலையை இடமும் வலமுமாக ஒருமுறை அசைத்துவிட்டு, நாற்காலி கிறீச்சிடாமல் உட்கார்ந்தார்.