அக்காவின் முதுகில் ஏறிய துண்டு

தங்கச்சி எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று அக்கா ஊரெல்லாம் சொல்லித் திரிவாள். அவளோ அழுத்தக்காரி. புதுக்குடியிருப்பில் கணக்கு ரியூசன் எடுக்கிறாள். ஒருநாள் பாதிக் கணக்கில் கை நின்று, என்ன எழுதினோம் என்று தெரியாமல் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாளாம். அதைக் கேள்விப்பட்டதும் அவளை இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மூளையில் கட்டி என்றார்கள். மெதுவாக வளர்வதுதான், ஆனால் விட்டுவைத்தால் பேச்சு போகும், பிறகு ஆளே போய்விடும். வெட்டுவதற்கு முன் எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும்.

அந்த மெசின் பெரிய காந்தம். ஸ்கான் அறை வாசலில் தாதி, உடம்பில் இரும்பு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். அக்கா கண்ணிமைக்காமல் இல்லை என்றாள்.

எங்கள் பக்கத்தில் பலருக்கு வாயில் முதலில் வருவது அந்த இல்லைதான். போர் முடிந்து எங்களை அடைத்துவைத்த முகாமில் காயத்தைக் காட்டினால், எந்த இயக்கத்தில் இருந்தாய் என்பதுதான் அடுத்த கேள்வி. அக்கா எந்த இயக்கத்திலும் இருந்ததில்லை. போரின் கடைசியில், முள்ளிவாய்க்காலில் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது பக்கத்தில் செல் விழுந்து வெடித்து, அதன் துண்டு முதுகில் ஏறியது. கலியாணம் பேசி வந்தவர்களுக்குக்கூட அவள் அதைச் சொல்லவில்லை. அவளுடைய விசயம் என்று நானும் இருந்தேன். அன்றைக்கு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இருக்கு. முதுகில செல் பீஸ் இருக்கு,” என்றேன்.

அக்கா என்னை முறைத்தாள். எக்ஸ்ரேயில் பார்த்தால், துண்டு முள்ளந்தண்டுக்குள், நரம்புக்குப் பக்கத்தில் கிடந்தது.

எங்களைப் பார்த்த டொக்டர், இப்படிச் செல் துண்டோடு வாழ்கிறவர்களைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறார். காந்தம் அதை அசைத்திருந்தால் நடை போயிருக்கலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். முதலில் முதுகைத் திறந்து துண்டை எடுக்க வேண்டும், பிறகு ஸ்கான், அதன் பிறகுதான் தலை. முதுகு ஒப்பரேசனிலும் கால் இழுத்துவிடக்கூடும், வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

அக்கா யோசிக்கவேயில்லை. “ரெண்டையும் எடுங்கோ டொக்டர். பிள்ளையளுக்குச் சோதனை வருகுது, நான் நிண்டு படிப்பிக்கவேணும்.”

முதுகு ஒப்பரேசன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் கால் விரல்களை அசைத்துக் காட்டினாள். வார்ட்டில் எல்லாருக்கும் முன்னால் நான் விம்மி அழுதேன். அவள் அழவில்லை, தலைக்கு எப்போது என்று கேட்டாள்.

டொக்டர் சின்னப் போத்தலில் அந்தத் துண்டைக் கொண்டுவந்தார். பயறளவுதான். என்ன உலோகம் என்று தெரிந்தால் இனி வருகிறவர்களுக்கு உதவும், ஆராய்ச்சிக்குத் தர முடியுமா, பெயர் எங்கும் வராது என்றார்.

அக்கா போத்தலை வாங்கிக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“பேர் வராட்டிப் பறவாயில்லை. முள்ளிவாய்க்கால் எண்டு எழுதுங்கோ. தண்ணிக்கு நிக்கேக்க பட்டதெண்டும் எழுதுங்கோ.”

டொக்டர் போத்தலில் ஒட்டியிருந்த தாளில் எழுதினார். அக்கா அதைச் சொல் சொல்லாக வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கையை விட்டாள்.