குளக்கட்டும் பனங்கிழங்கும்

இளைஞர் கழகத் தலைவி வேலை லேசு எண்டு நினைக்கிற ஆக்கள், ஊர்ச் சனத்தைக் கூலியில்லாமல் வேலைக்குக் கூட்டி ஒரேயொரு சிரமதானத்தை நடத்திப் பார்த்துப்போட்டு வந்து என்னோட கதையுங்கோ. ஏற்கெனவே நடத்தினவைக்கு விளக்கம் தேவையில்லை. நீங்கள் பட்டதுதான் நானும் பட்டது.

கோப்பாய்ப் பக்கம் எங்கடை ஊர்க் குளத்தின்ரை கட்டு மாரிக்கு மாரி கரைஞ்சு உடையும். தண்ணி நிக்காமல் ஓட, எங்கடை வெங்காயத் தோட்டக் கிணறு உவராகிக்கொண்டு வந்தது. உப்பிடியே போனால் அப்பா தோட்டத்தைக் கைவிட வேண்டியதுதான். கட்டு நெடுகப் பனை வைச்சால் வேர் மண்ணைப் பிடிக்கும் எண்டு கழகத்தில முடிவெடுத்தம்.

கொட்டை கேட்டுப் போனது

வீடு வீடாய்ப் பனங்கொட்டை கேட்டுப் போனம். எல்லாரும் சிரிச்ச முகத்தோட தேத்தண்ணி தந்தினம், கொட்டைதான் வரேல்லை. எங்கடை செயலாளர் சுகந்தன்ரை அம்மா, மங்கை மாமி, பெரிய குவியலுக்குள்ள சின்னனும் சூம்பலுமாய்ப் பொறுக்கி ஒரு சாக்கில போட்டா. நல்லதாய்த் தாங்கோவன் எண்டு கெஞ்சினன்.

"நல்லது கிழங்குக்கு, பிள்ளை. மரமாகிறதுக்கு உது காணும்."

நட்ட லட்சணம்

ஞாயிற்றுக்கிழமை மானிப்பாய்த் தேவாலய வாலிபர்களும் கைகொடுக்க வந்திச்சினம். ஒரே பகிடியும் பாட்டும்தான். நான் சர்பத் கரைச்சுக் கொண்டுவந்து பார்த்தால், சுகந்தன் கட்டின்ரை ஒரு மூலையில பாத்தி கட்டி, கொட்டையளை ஒண்டோடொண்டு முட்ட அடுக்கி மண்ணும் போட்டு மூடிட்டான். அது கிழங்குக்குப் போடுற முறை. மரத்துக்கு எட்ட எட்ட வைக்க வேணும். வங்கியில வேலை செய்யிற பொடியனுக்கு உதுகூடத் தெரியாதோ எண்டு எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்லை. மிச்சத்தையெல்லாம் நானே நிண்டு தள்ளித் தள்ளி வைப்பிச்சன். அவன் ஆறுதலாய்ச் சர்பத்தைக் குடிச்சான்.

"பனங்கொட்டையைத் தின்னாமல் விடுறதுக்கும் புதைக்கிறவையோ?"

அலவாங்கு

தை மாதம் பஸ்ஸில போகேக்க பார்த்தன், மங்கை மாமி கிழங்கு கிண்டுற இரும்பு அலவாங்கோட குளக்கட்டில நிக்கிறா. மகன் போட்ட பாத்தியைக் கிண்டி முடிச்சு, எட்ட வைச்ச முளையளிலையும் கை வைச்சிட்டா. பஸ்ஸை மறிச்சு இறங்கி ஓடினன். உதைக் கிண்டினால் கட்டு போயிடும், எங்கடை கிணறும் போயிடும் எண்டு சொல்லேக்க அழுகையே வந்திட்டுது. மாமி அலவாங்கைக் கீழ வைச்சா.

"முளைச்சதைக் கிண்டாமல் விட எங்களுக்கு ஏலாது, பிள்ளை. எனக்கு வேற இடம் காட்டு, உதைத் தொடமாட்டன்."

காவல்

குளத்துக்குக் கீழ, சமதரையில ஊருக்கெண்டு கிழங்குப் பாத்தி போட்டுக் குடுத்தம். அந்த வருசம் தொடக்கம் நல்ல கொட்டை கேளாமலே வருது. கட்டுக்கு மாமிதான் காவல். ஆரும் கட்டில மண்வெட்டியோட ஏறினால் கீழ இறக்கிப்போட்டுத்தான் மற்ற வேலை. நட்டு அஞ்சாறு வருசத்தில பனையள் வேர்பிடிச்சு, போன மாரிக்குக் கட்டு உடையேல்லை, குளம் முட்ட நிண்டது. அப்பா கிணத்துத் தண்ணியை ஒரு கை அள்ளிக் குடிச்சார்.

"இந்த முறை வெங்காயத்தைக் கூட்டி நடுவம்."

சூழல் பாதுகாப்புக் கூட்டமெண்டால் இப்ப நான் பேச்சை விட்டிட்டுக் கிழங்கு அவிச்சுக்கொண்டு போறன்.