அம்மா என்னிடம் மட்டும் பேசுவதில்லை

வாசலில் என் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் உள்ளே பேச்சு நின்றுவிடும். அதுவரை அம்மாவும் அண்ணியும் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவதற்குள் அம்மா முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பியிருப்பாள். எட்டு மாதமாக இப்படித்தான். பக்கவாதம் வந்து அவளுடைய வலது கையும் பாதி வாயும் போய்விட்டன. மிச்சமிருக்கிற பாதி வாயால் எல்லோரிடமும் பேசுகிறாள், பால்காரரிடம்கூட. என்னிடம் மட்டும் பேசுவதில்லை. காரணம் நான்தான்.

எனக்குப் படிப்பு ஏறவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சையை இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் கணக்கு என்னை வெளியே தள்ளிவிட்டது. ஆனால் அடுத்தவர் குரல் எனக்கு ஒரே நாளில் வந்துவிடும். போளூர் பஸ் கண்டக்டர், எங்களுக்குப் பட்டு நூல் கொடுக்கிற முதலாளி, தெருக்கோடிக் கோயில் பூசாரி, யாரை வேண்டுமானாலும் பேசிக் காட்டுவேன். தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டே பேசிக் காட்டினால் பக்கத்து வீட்டுத் தறியின் சத்தமும் நின்றுவிடும். எனக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் அம்மா ராட்டையை நிறுத்திவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். "டேய், பேஜார் பண்ணாதடா, நூல் அறுந்துடப் போவுது" என்பாள். அது, இன்னொரு தடவை செய்து காட்டு என்று அர்த்தம்.

அண்ணன் சூரத்தில் ஒரு சேலைக் கடையில் வேலை பார்த்தான். அங்கேயே ஒரு குஜராத்திப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு ஊருக்கு வந்தான். வந்தபோது அண்ணிக்குத் தெரிந்த தமிழ், வணக்கமும் போதுமும்தான். அம்மாதான் அடுப்படியில் வைத்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். இது கத்திரிக்கா, இது உப்பு, இது உன் புருசன் ஒடைச்ச டம்ளர். ஆறே மாதத்தில் அண்ணி பேச ஆரம்பித்துவிட்டார். அவருடைய தமிழில் மனிதர்களுக்கு மரியாதை கிடையாது, மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு. "அத்தை, தண்ணி வந்துட்டாங்க, ஜல்தி வா!" என்று அவர் குழாயடியில் நின்று கூப்பிட்டால் அம்மா குடத்தோடு ஓடுவாள். அதில் என்ன தப்பு என்று அவளுக்குத் தெரிந்ததே இல்லை.

ராட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

"இன்னாம்மா, அவங்க பேசறது உனக்குப் புரியுதா?"

"புரியாம இன்னா? அவங்க அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் வலியாம். மாடிப்படி ஏற முடியலியாம். பாவம், இவ அத நெனச்சிகினு ராவெல்லாம் தூங்கல."

அண்ணனிடம் கேட்டுப் பார்த்தேன். அவனுக்கே அது தெரியவில்லை. அன்று மாலை சூரத்துக்கு போன் போட்டுக் கேட்டான். அம்மா சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது.

எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது ஒரு புதுக்குரல். போளூரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில், பாட்டுக் கச்சேரிக்காரர்கள் சாப்பிடப் போன நேரம், மைக்கைப் பிடித்தேன். "கரண்ட் வந்துட்டாங்க, மாமியார் வந்துச்சு, ரெண்டு பேரும் ஒக்காரும்" என்று அண்ணியின் குரலில் ஆரம்பித்துக் கால்மணி நேரம் விடவில்லை. மண்டபமே சிரித்து உருண்டது. முன்வரிசையில் அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணியும் சிரித்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் சிறிது நேரம் சிரித்துக்கொண்டே இருந்தார். அதன் பிறகு ஒன்றரை வருடம் என் காதுபட அவர் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை வைப்பார், "ம்" என்பார். "அவகிட்ட ஒரு வார்த்த மன்னிப்பு கேளுடா" என்று அம்மா சொன்னாள். "மரியாதயா கேக்கட்டுமா, அவங்க மாதிரியே கேக்கட்டுமா?" என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு அந்தப் பேச்சு போயிற்று.

ஒரு காலையில் அம்மா ராட்டையின் மேலேயே சாய்ந்துவிட்டாள். வேலூர் ஆஸ்பத்திரியில் இருபது நாள் இருந்தோம்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அம்மா என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். வார்த்தைகள் குழைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. இன்னொரு முறை கேட்டாள். புரியவில்லை. வீடே துக்க வீடு மாதிரி இருந்தது. அவளைச் சிரிக்க வைக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். வாயை ஒருபக்கமாகக் கோணிக்கொண்டு, அவள் கேட்டதை அதே குழறலோடு அப்படியே திருப்பிச் சொன்னேன். அச்சு அசலாக வந்தது. நான் செய்ததிலேயே அவ்வளவு சுத்தமாக வந்தது அது ஒன்றுதான்.

அம்மா சிரிக்கவில்லை. இடது கையைத் தூக்கித் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். தன் பேச்சு வெளியே எப்படிக் கேட்கிறது என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. நான்தான் கேட்கவைத்தேன்.

அடுப்படியிலிருந்து வந்த அண்ணி எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றார். "தம்பி, என்னை சிரிச்சே, பரவால்ல. அத்தையை ஏன்?" என்றார். மண்டபத்து நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் தமிழ் அது. அதில் திருத்த எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அன்று அம்மா என்ன கேட்டாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "தப்புதாம்மா, திட்டவாவது திட்டு" என்று அவள் காலடியில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். இடது கையால் என் தலையைத் தடவிக் கொடுத்தாள். வாய் திறக்கவில்லை. கோபமாக இருந்தால் என்றைக்காவது தீரும். இது கோபம் இல்லை, கூச்சம். பெற்ற பிள்ளையிடம் வந்த கூச்சத்தை எப்படிப் போக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் அண்ணன் வெளியூர் போயிருந்ததால் வேலூருக்கு நான்தான் அவர்களைக் கூட்டிப் போனேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மேடம் படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். அம்மா அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

"வீட்ல பேசறாங்களா?" என்று மேடம் கேட்டார்.

"நல்லா பேசறான் மேடம். நெறைய பேசறான்" என்றார் அண்ணி.

மேடம் என் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"பையன்."

"கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

வெளியே வந்து சுவரோரம் நின்றேன். கதவு முழுசாக மூடவில்லை. கொஞ்ச நேரத்தில் அம்மாவின் குரல் கேட்டது. குழைந்த குரல்தான். ஆனால் கூச்சமே இல்லாமல், தடதடவென்று வந்தது. "பூனை இல்ல அத்தை, நல்லா பாரு, ஆடு வந்துட்டாங்க" என்றார் அண்ணி. அம்மா சிரித்தாள். பேச்சுதான் உடைந்திருந்தது. சிரிப்பு பழைய சிரிப்பாகவே இருந்தது. ஊரையே சிரிக்க வைக்கிறவன் நான், அதை வாங்க என்னால் முடியவில்லை. கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்டேன்.

திரும்பும்போது மூன்று பேர் சீட்டு கிடைத்தது. ஜன்னலோரம் அம்மா, நடுவில் அண்ணி, ஓரத்தில் நான். கண்ணமங்கலத்தில் பஸ் நின்றதும் ஒரு அம்மாள் கொய்யாக் கூடையை ஜன்னலுக்கு உயர்த்தினார். அம்மா அண்ணியின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். எட்டிக் கேட்டும் எனக்கு எட்டவில்லை.

அண்ணி திரும்பினார். "தம்பி, அத்தை கேக்கறான். உனக்குக் காய் வேணுமா, பழம் வேணுமா?"

நாக்கு நுனிவரை ஒரு கிண்டல் வந்தது. விழுங்கிக்கொண்டேன். "அம்மா எது குடுத்தாலும் சரின்னு சொல்லுங்க அண்ணி" என்றேன்.

"அத்தை, தம்பி சொல்லுது. நீ குடு, அவன் சாப்பிடும்."

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கூடையில் இடது கையால் அழுத்திப் பார்த்து ஒன்றை எடுத்து அண்ணியிடம் கொடுத்தாள். அண்ணி அதை என்னிடம் கொடுத்தார். பஸ் கிளம்பியது. அம்மா மறுபடியும் அண்ணியின் காதில் ஏதோ சொன்னாள். அண்ணி என் பக்கம் திரும்புவார் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை. அது அவர்கள் இருவருக்குள்ளான பேச்சு.