இருபத்து மூன்று பேருக்குத் தெரியும்

"அந்தப் பையைக் கொஞ்சம் குடுங்க சார்" என்று வாங்கி, உள்ளே கைவிட்டுத் துழாவுகிறார் பென்சிலக்கா. மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் சாப்பாட்டு டப்பா வருகிறது, குடை வருகிறது, கடைசியில் ஒரு புத்தகமும் வருகிறது. சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. அக்கா அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். படிவத்தில் 'தெரியாது' என்ற கட்டத்தில் குறி விழுகிறது.

"என்னம்மா இது, பையே வச்சிருக்கேன், தெரியாதுன்னு போடறீங்க!"

"பைக்குத் தெரியும் சார். நான் உங்களையில்ல கேட்டேன்?"

அந்தப் புத்தகம் லேசுப்பட்டதல்ல. நூறு நாடுகளுக்கு மேல் ஒன்றாக உட்கார்ந்து, சொல்லுக்குச் சொல் மல்லுக்கட்டி எழுதிய பொது சுகாதாரத் திட்டம் அது. எங்கேயாவது பேர் தெரியாத காய்ச்சல் தலைகாட்டினால் ஒரே நாளில் எல்லா நாட்டுக்கும் சேதி போக வேண்டும் என்பதுதான் அதன் உயிர்நாடி. எங்கள் நாடும் கையெழுத்துப் போட்டது. விழா எடுத்தோம், வந்தவர்களுக்கெல்லாம் புத்தகம் போட்ட பை கொடுத்தோம். பிறகு, அந்தத் திட்டம் யார் யாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று கேட்டு வரச் சுகாதாரத் துறை ஒப்பந்தத்தில் அமர்த்திய ஆள்தான் பென்சிலக்கா. டாக்டர், நர்ஸ், கால்நடை மருத்துவர், ரத்தப் பரிசோதனைக்காரர், துறைமுக ஊழியர் என்று இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அவருடைய பட்டியலில் இருந்தார்கள்.

நான் அதே துறையில் ஒரு ஃபோனுக்குக் காவல். காய்ச்சல் சேதி முதலில் வந்து விழ வேண்டிய ஃபோன் அது. எட்டு மாதமாக அது அடிக்கவில்லை. நாடு நோய்நொடியில்லாமல் சுகமாக இருக்கிறது என்று நினைத்து நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல!

அக்காவுக்குப் பேனா ஆகாது. காதுக்கு மேல் செருகிய கட்டைப் பென்சில்தான் எப்போதும். "பேனாவைப் பாத்தா ஜனங்க பயந்து பொய் சொல்லிடறாங்க. பென்சில்னா அப்புறம் அழிச்சுக்கலாம்னு ஒரு தைரியம்" என்பார். ஆனால் அவரிடம் ரப்பர் கிடையாது. கேள்விகளை முதலில் வீட்டில் மாமியாரிடம் கேட்டு ஒத்திகை பார்ப்பார். "உலகத்துக்கே சேத்து ஒரு திட்டமா? இங்க நாலு பேருக்குச் சேத்து ஒரு குழம்பு வைக்கவே முடியல" என்றாராம் அந்த அம்மாள்.

திட்டம் தெரியுமா, புத்தகத்தைப் படித்தீர்களா என்பவை முதல் இரண்டு கேள்விகள். மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்க்கும். "நாளைக்குக் காலையில உங்க வார்டுல மூணு பேருக்குப் பேர் தெரியாத காய்ச்சல். யாருக்கு ஃபோன் பண்ணுவீங்க?" கேட்டுவிட்டு அக்கா வாயை மூடிக்கொள்வார். பெரிய பெரிய ஆட்களெல்லாம் மின்விசிறியைப் பார்ப்பார்கள். "மெதுவா யோசிங்க சார். காய்ச்சல்காரங்க காத்துக்கிட்டுத்தான் இருப்பாங்க" என்பார். தெரியும் என்பவர்கள் அவர் கண்முன்னே அந்த எண்ணுக்கு ஃபோன் போட்டுக் காட்ட வேண்டும்.

அப்படித்தான் என் ஃபோன் முதல்முறையாக அடித்தது. டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டு எடுத்தேன். துறைமுகத்தில் எலிப்பொறி வைக்கிறவர் பேசினார். "சும்மா சோதனைக்குத்தான் சார். அக்கா போடச் சொன்னாங்க." அவருக்குப் பை கிடைக்கவில்லை. விழா அன்று வாசலில் நின்று கேட்டுவிட்டு, எண்ணைத் தொப்பியின் உள்பக்கம் எழுதி வைத்திருந்தார். எங்கோ நூறு நாட்டுக்காரர்கள் எழுதிய ஒரு வரி, ஒரு தொப்பிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது! அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அதை நினைத்து நினைத்து மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

தினமும் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது அக்கா என் மேஜையருகே நிற்பார். ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்து, உயிர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். "எதுக்குக்கா இவ்வளவு கெடுபிடி?" என்று ஒருநாள் கேட்டேன். கோப்பின் அடியிலிருந்து மடிப்பு விட்டுப்போன பழைய படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் அவர் பெயர் இருந்தது; 'தெரியும்' என்ற கட்டத்தில் பேனாவால் குறி இருந்தது.

"அப்ப நான் வார்டு கிளார்க். இதுக்கு முந்தின திட்டம் அது. கேக்க வந்தவர் தெரியுமான்னார். தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, தெரியும்னுட்டேன். நாலு மாசத்துல வார்டுல காய்ச்சல். யாருக்குச் சொல்றதுன்னு எங்க யாருக்கும் தெரியல. நம்பர் என் டிராயர்ல, பிரிக்காத புத்தகத்துல கிடக்கு. ஒம்போது நாள் சார். பதினோரு பேர் போய்ட்டாங்க. அதுல ஒருத்தி எங்கூட உக்காந்து சாப்பிடற நர்ஸ்."

படிவத்தை மடிப்பு கிழியாமல் மடித்து அவரிடமே கொடுத்தேன்.

விசாரிப்பு முடிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டில் இருபத்து மூன்று பேருக்குத்தான் தெரிந்திருந்தது. இயக்குநர் அக்காவைக் கூப்பிட்டார். அவர் அறைக்கும் என் மேஜைக்கும் நடுவே கண்ணாடித் தடுப்புதான். பேசுவது எல்லாம் கேட்கும்.

"வெளிநாட்டுக் கூட்டத்துல இதைப் போய் நான் வாசிக்கணுமா? எண்பது சதவீதம்னு மாத்திக் குடுங்க. எல்லாருக்கும் தெரியும்னா பயிற்சி வகுப்பு செலவும் மிச்சம். உங்க ஒப்பந்தமும் இந்த மாசத்தோட முடியுதில்ல, பாத்துக்கலாம்."

அக்காவின் வீட்டுக்காரருக்கு வேலை போய் ஆறு மாதமாகிறது.

"அழிக்க ரப்பர் இல்ல சார்" என்றார் அக்கா. "அப்புறம், உங்களை இன்னும் கேக்கலையே?" புதுப் படிவம் ஒன்றை எடுத்து இயக்குநரின் பெயரை எழுதினார். முதல் இரண்டு கேள்விகளைத் தாண்டி நேரே மூன்றாவதற்குப் போனார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

இயக்குநர் முறைத்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார். அக்கா அசையவில்லை. கடைசியில் இயக்குநரே நாற்காலியில் மாட்டியிருந்த பையை எடுத்தார். புத்தகம் உறையோடு வந்தது. அக்கா நகத்தால் உறையைக் கீறி, முப்பத்தோராம் பக்கத்தைப் பிரித்து, ஃபோனையும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

என் ஃபோன் அடித்தது.

"யாரு, நீங்களா?" கண்ணாடி வழியே இயக்குநர் என்னையே பார்த்தார்.

"ஆமா சார்."

"எட்டு மாசமா அங்கேயேதான் உக்காந்திருக்கீங்களா?"

"ஆமா சார்."

அவர் ரிசீவரை வைத்தார். அக்கா 'தெரியாது' என்ற கட்டத்தில் குறி போட்டு, கையெழுத்துக்காகப் படிவத்தை அவர் பக்கம் திருப்பினார். இயக்குநர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். இனி அது இருநூற்றுப் பதின்மூன்றில் இருபத்து மூன்று.

அக்கா வெளியே வந்தார். ஒப்பந்தம் என்னவாயிற்று என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் இன்னும் பிடித்துக்கொண்டிருந்த ரிசீவரை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். மறுபடி தூக்கிக் காதில் வைத்து, கண்ணை மூடி, கேட்டுக்கொண்டு நின்றார்.