திட்டுவதற்கு ஓர் உத்தியோகம்

பூவாயிக்கு மில்லில் வேலை கிடைத்தது, அவள் மில்லைத் திட்டியதால். புகழ்ந்து பேசியவர்கள் எத்தனையோ பேர் கேட்டில் காத்துக் கிடந்தார்கள், அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

நெம்மேலிக் குப்பத்தில் மீன் வாங்கி, தோணியில் கால்வாயைத் தாண்டி, திருப்போரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் விற்பது அவள் பிழைப்பு. வயது நாற்பத்தைந்து இருக்கும். மீன் குவியல் ஏலத்துக்கு வந்தால், அவள் குனிந்து ஒரு மீனின் செவுளைக் கட்டைவிரலால் தூக்கி முகர்ந்து பார்க்கும்வரை மற்றப் பெண்கள் விலை கேட்கமாட்டார்கள். நேற்று விலைபோகாத மீனை இன்றைய மீனோடு கலந்திருந்தால் அந்த மூக்குக்குத் தெரிந்துவிடும். ஏலம் விடுகிற தனகோடி அவளை மனதாரச் சபிப்பான். தன் வீட்டுக் குழம்புக்கு மட்டும் அவளையே பொறுக்கித் தரச் சொல்வான்.

எழுபத்தாறில் கால்வாய்க்கு மேற்கே கூழ் மில் வந்தது. வைக்கோலையும் கரும்புச் சக்கையையும் ஒரு பெரிய இரும்பு உருளையில் சோடாக்காரமும் கந்தகமும் சேர்த்து வேகவைத்து, காகிதத்துக்குக் கூழாக்கும் மில். வெந்ததும் ஆவியைத் திறந்துவிடுவார்கள். அழுகிய முட்டையும் கெட்டுப்போன முட்டைக்கோசும் கைகோத்துக்கொண்டு கிளம்பும். அது விடியற்காலை. அந்த நேரத்தில்தான் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். அந்த நேரத்தில்தான் ஏலமும் நடக்கும். பூவாயி செவுளைத் தூக்கினால் மீன் மணக்கவில்லை, மில் மணந்தது.

விடுவாளா? தினமும் மில் கேட்டுக்கு முன்னால் கூடையை இறக்குவாள்.

"டேய், உள்ள இன்னாத்தடா வேகவெச்சிகினு கீறீங்க? செத்த எருமையையா? உங்க வூட்ல பொம்பளைங்க உங்கள எப்டிடா உள்ள வுடறாங்கோ?"

கருவாடு காயும் குப்பத்திலிருந்து நாற்றத்தைப் பற்றிப் புகாரா என்று உள்ளே சிரித்தார்கள். நாற்றத்தில் வகை தெரியாதவர்கள் வேறென்ன செய்வார்கள்.

சிரிக்காதவர் ஒருவர்தான், மில்லின் கெமிஸ்ட் சிவப்பிரகாசம். ஆவியை மெதுவாகத் திறந்த நாட்களில் அவள் திட்டு சுருக்கமாக இருப்பதையும், ஒரேயடியாகத் திறந்த நாட்களில் அது அவர்களுடைய பாட்டன் பூட்டன்வரை போவதையும் அவர் கவனித்தார். நாற்றத்தை அளக்க ஒரு கருவி வேண்டுமென்று முதலாளியிடம் கேட்டிருந்தார். "உங்களுக்கெல்லாம் மூக்கு இல்லையா?" என்று பதில் வந்திருந்தது. உண்மையில் இல்லை. மூன்று வருஷம் கூழ் மில்களில் இருந்தவருக்கு, வீட்டில் சாம்பார் அடிப்பிடித்தாலும் அமிர்தம். அந்த வகையில் அவருடைய இல்லறம் சுகமாகவே நடந்துகொண்டிருந்தது.

அவர் கேட்டுக்கு வந்தார். "பூவாயிம்மா, இங்கேயே உட்கார்ந்து திட்டுங்க. சம்பளம் தரோம்."

"காசு குடுத்து என் வாய மூடப் பாக்கிறியா நைனா?"

"மூடக் கூடாதுன்னுதான் சம்பளமே."

அவளோடு மீன் விற்கும் குப்பம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சண்ட போட்டா போலீஸ்காரன் இஸ்துகினு போவான். உனுக்குச் சம்பளம் குடுக்கிறான். குடுத்துவெச்சவ யக்கா நீ!"

அன்றிலிருந்து காலையில் மீன் வாங்குவதோடு சரி, விற்பது குப்பம்மா. பூவாயிக்குப் பாய்லர் பக்கத்தில் ஒரு ஸ்டூல். ஏலம் முடிந்து அவள் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஆவியைத் திறப்பார்கள். அவள் குரல் கொடுத்தால், வால்வில் நிற்கும் சுப்பிரமணி திருகைக் கொஞ்சம் மூடுவான். "லேசா வர்து" என்றால் கால் திருகு. "கெட்டுதுடா" என்றால் அரைத் திருகு. அச்சில் ஏறாத ஒரு சொல் இருந்தது, அதற்கு முழுத் திருகு. இரண்டு மாதத்தில், ஆவியை நிதானமாக விட்டுக் காரத் தண்ணீர்த் தொட்டி வழியாக அனுப்புவதற்கு மில் பழகிவிட்டது. குப்பத்துக் காற்று சுத்தமாயிற்று. அதற்குள் பூவாயியின் மூக்கு போயிருந்தது.

அது தெரிந்தது குப்பம்மாவால். ஒரு நாள் மத்தியானம் நிறைந்த கூடையோடு திரும்பி வந்து கேட்டில் நின்றாள்.

"யக்கா, இன்னா மீனு வாங்கின? ஒருத்தியும் எடுக்கல. மூஞ்சில வீசாத கொறைதான்."

"நல்ல சங்கரா மீனுடி."

"நீயே மோந்து பாரு."

பூவாயி செவுளைத் தூக்கி முகர்ந்தாள். ஒன்றுமில்லை. இன்னொரு மீன், அதற்கும் ஒன்றுமில்லை. மீனை எடுத்துக்கொண்டு நேராகச் சிவப்பிரகாசத்திடம் போய் அவர் மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

"அடடா, பிரமாதமான மீன்," என்றார் அவர்.

"பஷ்டு மீனும்மா! கொழம்பு வெச்சா தூளு!" என்றான் சுப்பிரமணி.

கேட்டுக்கு வெளியே முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்த குப்பம்மா, சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பூவாயிக்குச் சிரிப்பு வரவில்லை.

"நைனா, நான் வெளிய போயிட்டா மூக்கு திரும்ப வருமா?"

"வரும்மா. பழகிப்போய் மரத்திருக்கு, அவ்வளவுதான். விலகி இருந்தா சரியாயிடும்."

"அப்ப நீ இன்னாத்துக்கு வெலகல?"

"வீட்டுச் சமையலை நினைச்சுப் பார்த்தேன்."

அவள் ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டு நடந்தாள். நாளைக்கு மில் பழையபடி நாறுமே என்று அவர் கேட்வரை பின்னாலேயே வந்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த சில நாட்கள் கடற்கரையில் தனகோடியின் ராஜ்ஜியம். "இன்னா பூவாயி, ஜலதோசமா?" என்று விசாரித்துக்கொண்டே பழைய மீனைப் புதுவிலைக்குத் தள்ளினான். அவளுக்குப் பதிலாகக் குப்பம்மா முகர்ந்தாள். பயத்தில் எல்லா மீனையும் நேற்றைய மீன் என்றாள். அப்போதுதான் வலையில் துள்ளியதையும் சேர்த்து. பூவாயி கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றாள். அந்த இடம் அவளுக்குப் பழக்கமில்லை.

மில்லில் குரல் கொடுக்க ஆளில்லாததால் சுப்பிரமணிக்கும் சோம்பல் வந்தது. ஒரு விடியற்காலையில் வால்வை ஒரேயடியாகத் திறந்தான். மேற்கிலிருந்து வீசிய மேல்காற்று அதை அப்படியே குப்பத்தின்மேல் கொட்டியது. பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள். தனகோடி துண்டால் முகத்தை மூடினான்.

பூவாயி மட்டும் முகத்தை நிமிர்த்தி, நெஞ்சு நிறைய இழுத்தாள்.

"வந்துட்ச்சிடி குப்பம்மா! ஐயோ, இன்னா நாத்தம்! இன்னா நாத்தம்!"

கல்யாண வீட்டில் பன்னீர் தெளித்ததுபோல அவள் முகம் மலர்ந்திருந்தது. காற்று சற்றே திரும்பியதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, குவியலின் அடியிலிருந்து ஒரு மீனை உருவிச் செவுளைத் தூக்கினாள்.

"மேல இன்னிக்கி, அடியில நேத்து. இன்னா அண்ணாத்த, எனுக்கு ஜலதோசமா?"

தனகோடி விலையைக் குறைத்தான்.

அன்று மில்லுக்குப் போனாள், ஆனால் கேட்டைத் தாண்டவில்லை. கால்வாய்க் கரையில் கூடையோடு நின்று, இத்தனை நாள் சேர்த்துவைத்ததை மொத்தமாக அவிழ்த்துவிட்டாள். உள்ளே வால்வு அவசரமாக மூடும் சத்தம் கேட்டது. சிவப்பிரகாசம் ஓடிவந்தார்.

"உள்ள வாங்கம்மா. சம்பளத்தைக் கூட்டச் சொல்றேன்."

"உள்ள காலு வெக்க மாட்டேன். காலைல மீனோட இப்டி வருவேன், நிப்பேன், திட்டுவேன், போயிகினே இருப்பேன்."

"அதுக்கு என்ன உத்தியோகம்னு மேலிடத்துக்கு எழுதறது?"

"முன்ன ஓசியில செஞ்சனே நைனா, அதேதான்," என்றாள் பூவாயி, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு.