என் பேரில் ஓர் இன்ஸ்டிடியூட்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் வாடிப்பட்டியில் குடியிருந்தோம். கணவர் தினமும் பஸ் பிடித்துத் தல்லாகுளம் போவார். அங்கே ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். காலையிலும் மாலையிலும் வீட்டு முன்னறையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினார். அரசு வேலையில் இருப்பவர் இன்னொரு தொழில் செய்யக்கூடாது என்பதால், பலரும் செய்வதுபோல அதை மனைவி பேரில் பதிந்திருந்தார். போர்டில் பெரிதாக என் பெயர். எனக்கு அங்கே இருந்த ஒரே வேலை, மெஷின்களைத் துடைத்து உறை போடுவது!

யாரோ மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டார்கள். ஒரு நாள் பதினொரு மணிக்கு, கையில் ஃபைலோடு ஓர் அதிகாரி வந்தார். தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம் என்றார். இதை நடத்துவது யார் என்று கேட்டார். கணவர் சொல்லி வைத்திருந்தபடி, “நான்தான் சார்” என்றேன்.

“அப்ப ஒரு பத்து வரி அடிச்சுக் காட்டுங்கம்மா” என்று பேப்பரை நீட்டினார்.

எனக்குப் பேப்பரை மெஷினில் எப்படிச் செருகுவது என்றுகூடத் தெரியாது. கணவர் வேலை போய்விட்டால் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வோம்? மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். காலையில் அரிவாள்மனை பட்டு, ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. பேப்பரை எங்கே செருகுவது என்று நான் தடவுவதையும் அந்தத் துணியையும் அவர் பார்த்தார்.

“காயத்தோட அடிக்கச் சொன்னா பாவம்மா. ஆறட்டும், ஒரு மாசம் கழிச்சு வாரேன்” என்று ஃபைலை மூடினார். வாசல் வரை போனவர் திரும்பி, “அதுக்குள்ள நல்லா ஆறிரணும், பாத்துக்கங்க” என்றார்.

அன்று மாலை கணவரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். “பேரு எனக்கு, வேலை உங்களுக்கா? இன்னைக்கே சொல்லிக் குடுங்க!” எழுத்துகளைப் பார்க்காமல் அடிக்க வேண்டுமென்று என் கைகளுக்கு மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டார், கல்நெஞ்சக்காரர். சுண்டுவிரல் வீங்கிப் போனது. சோறு கொதிக்கும்போதும் என் விரல்கள் இடுப்பில் டைப் அடித்துப் பழகிக்கொண்டிருந்தன.

சொன்னபடியே அதிகாரி வந்தார். பத்து வரி அடித்துக் கொடுத்தேன்.

“ரெண்டு தப்பு இருக்கு. பரவால்ல, எங்க ஆபீஸ் டைப்பிஸ்ட் இதவிடக் கூடத்தான் விடுவாரு” என்று அந்தத் தாளை ஃபைலில் வைத்துக்கொண்டார். பிறகு அவராகவே கேட்டார்: “மோர் இருந்தா குடுங்கம்மா.”

அதோடு விசாரணை முடிந்தது. அடுத்து டைப்ரைட்டிங் பரீட்சையில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்து, நானே வகுப்பெடுக்க ஆரம்பித்தேன். கணவர் முன்னறைப் பக்கம் வருவதையே விட்டார். இருபது வருடங்களுக்கு மேல் அந்த இன்ஸ்டிடியூட்டை நான்தான் நடத்தினேன்.

விரல் காயம் என்னவோ நாலே நாளில் ஆறிவிட்டது. அது ஆற ஒரு மாதம் ஆகாது என்று அவருக்குத் தெரியாதா என்ன? நான் சொன்ன பொய்யை நானே உண்மையாக்கிக்கொள்ள அவகாசம் தந்த அந்த மனிதரை நினைத்தால், இன்றும் என் கைகள் தாமாகக் குவிகின்றன.